புகார் போன் யார் பைக்கு?

முடிவில் விடை சொல்ல வேண்டியவர் நீங்கள். அதனால் காதைக் கொஞ்சம் இங்கே கொடுங்கள்.

நாகர்கோவிலில் ஒரு பேக்கரியின் மாடியில் சின்ன மென்பொருள் நிறுவனம் ஒன்று. ரெஜினாவின் தலைமையில் அங்கே மூன்று பேர்: செல்வின், கல்பனா, முத்துக்குமரன். கிராமத்துச் செவிலியர்கள் குழந்தைகளின் தடுப்பூசியைப் பதிவு செய்ய ஒரு வலைச் செயலி வேண்டும். அதைத் தாங்கும் அடிச்சட்டமாகப் புதிய ஃப்ரேம்வொர்க் ஒன்று கட்டுகிறார்கள். அதில் திரையைக் கவனித்துக்கொள்ள ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, அதாவது யாரோ முன்பே எழுதிவைத்த நிரல், தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. லைப்ரரியைத் தேர்ந்தவர் ஃப்ரேம்வொர்க்குக்கு ஒரு வாழைப்பழத்தின் பெயர் சூட்டலாம். கூடவே, செயலி மக்கர் செய்தால் அடிக்கும் புகார் போனையும் ஓராண்டுக்கு அவரே சுமக்க வேண்டும். போன தடவை தேர்ந்த ரெஜினா வைத்த பெயர் 'ஏத்தன்', அதாவது நேந்திரம் பழம். பெயருக்கேற்ற கனம். அந்தப் பாவத்துக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் நடுவிலும் எழுந்து வெளியே ஓடியிருக்கிறாள். போனை எடுக்காத ஆளிடம் கொடுத்துவிட்டால், மறுமுனையில் ஒரு செவிலியர் குழந்தையோடு காத்துக்கிடப்பாரே என்பதுதான் இப்போது அவளுடைய ஒரே கவலை.

மூவரும் ஒரே பதிவுத் திரையை ஆளுக்கொரு லைப்ரரியில் செய்து காட்டினார்கள். செல்வினுடையது உலகமே கொண்டாடும் புத்தம் புதியது. முத்துக்குமரனுடையது பழையது, அலுப்பானது, ஆனால் யார் வந்தாலும் கைவைக்கத் தெரிந்தது. கல்பனாவுடையது அளவில் பொடிசு. எங்கோ ஒரு தனி ஆள் எழுதி, மூன்று வருடமாகத் தொடாமல் விட்டிருந்தார். கல்லூரியிலிருந்தே அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

அலுவலகக் கணினியில் மூன்றும் பறந்தன. செவிலியர்களின் போன் இப்படிப் பறக்காதே என்று செல்வினுக்குத்தான் தோன்றியது. பேச்சிப்பாறைக்கு பஸ் ஏறி, செவிலியர் ஜெசிந்தாவின் கீறல் விழுந்த போனில் மூன்றையும் திறந்து பார்த்துவிட்டு வந்தான்.

"எனக்க லைப்ரரி வெள்ளைத் திரையிலேயே நின்னுட்டுக்கா. ஊசி போட்ட பிள்ளை அழுகையே நிறுத்தியாச்சு, இது தொறக்கல்ல. முத்துக்கது பன்னெண்டு செகண்ட். அது போதும்னு ஜெசிந்தாக்கா சொன்னாவ. கல்பனாவுக்கது தொட்டதும் வந்துட்டு."

கல்பனா துள்ளிக் குதிக்கவில்லை. அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், பிறகு மஸ்கட். அங்கே நம்மூர் மட்டி வாழைப்பழம் கிடைக்காது என்பதே அதுவரை அவளுடைய பெரிய புலம்பல்.

"எனக்கு வேண்டாம்க்கா. இதை எழுதினவரும் கைவிட்டாச்சு, நானும் இருக்க மாட்டேன். ஒடஞ்சா யாரு பாப்பா?" என்றாள். அவள் கண் கலங்கியது. ரெஜினாவுக்கும்தான்.

முத்துக்குமரன் இரண்டு நாள் கல்பனாவின் லைப்ரரியை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தான். மூன்றாம் நாள் தன் பதிவுத் திரையிலிருந்து தன்னுடையதை எடுத்துவிட்டு அங்கே அதை வைத்தான்.

"ஒடஞ்சா நான் பாத்துக்கிடுதேன்," என்றான்.

வழக்கமாகப் பெயர் எழுதும் பலகையின் முன்னால் ரெஜினா நிற்கிறாள். 'தேர்ந்தவர்' என்ற இடம் காலி. கல்பனா செல்வினைக் காட்டுகிறாள், செல்வின் முத்துக்குமரனை, முத்துக்குமரன் கல்பனாவை. கொண்டுவந்தவள் ஒருத்தி, சோதித்து உண்மை சொன்னவன் ஒருவன், பொறுப்பேற்றவன் ஒருவன். சொல்லுங்கள், இந்த லைப்ரரியைத் தேர்ந்தவர் யார்?

விடை: முத்துக்குமரன். கல்பனாவுக்குத் தெரிந்ததே ஒன்றுதான், அதைக் கொண்டுவந்தது பிரியம். செல்வின் சொன்னது நேர்மை. ஆனால் திறக்காததை விட்டுவிடுவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. 'போதும்' என்று செவிலியரே சொன்ன தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டே, நாதியில்லாத நல்லதைப் படித்துப் பார்த்து எடுத்தவன் முத்துக்குமரன். இரண்டு வழியும் கையில் இருந்தவன் அவன் மட்டுமே. ரெஜினா அவன் பெயரை எழுதிப் போனைக் கொடுத்தாள். அவன் ஃப்ரேம்வொர்க்குக்கு 'மட்டி' என்று பெயர் வைத்தான். கல்பனா அழுதுகொண்டே சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் புகார் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் ரெஜினா கையை நீட்டிவிட்டாள். அதற்குள் முத்துக்குமரன், "சொல்லுங்கக்கா," என்றிருந்தான்.