தாய்மாமன் போட்ட கையெழுத்து

விடை தெரிந்தாலும் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற புதிர்கள் சில உண்டு. இது அப்படி ஒன்று.

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் கோகிலா என்றொருத்தி விசைத்தறியில் வேலை பார்த்தாள். அவள் கணவன் அர்த்தநாரி போர்வெல் லாரியோடு வடக்கே போனால் திரும்பிவர மாதங்கள் ஆகும். இரண்டு பெண் குழந்தைகள். சின்னவளைப் பெற்றபோது கோகிலாவுக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தது. நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தாள். இரண்டு வருடம் கழித்து மறுபடி கர்ப்பம்.

"ஒன்பது வாரம் ஆச்சு. போன தடவை மாதிரி ஆனா உன்னைக் காப்பாத்திடுவேன்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. "கலைக்கறதுன்னா தள்ளிப் போடாதே. ஆனா உன் வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்."

சட்டம் அதைக் கேட்கவில்லை. வயது வந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். டாக்டருக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் முன்பொரு முறை, தன்னைக் கேட்காமல் கலைத்துவிட்டதாக ஒருத்தியின் கணவன் ஆள் திரட்டி வந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிகளை உடைத்திருந்தான். அதிலிருந்து அவர் இப்படியொரு வழக்கம் வைத்துக்கொண்டார்.

கோகிலா போன் செய்தாள். விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு, "தீபாவளிக்கு வர்றேன் புள்ள, அப்பப் பேசிக்கலாம்" என்றான் அர்த்தநாரி.

"தீபாவளிக்கு மூணு மாசம் இருக்குதுங்க. அது வரைக்கும் வயித்துல இருக்கறதைக் காத்திருக்கச் சொல்லட்டுங்களா?"

"லாரி கெளம்புது" என்று வைத்துவிட்டான்.

மறுவாரம் அவளுடைய அண்ணன் குமரேசன் தன் வேனில் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். நர்ஸ் தாளை நீட்டினார். "வீட்டுக்காரர் நீங்கதானே? இங்க போடுங்க."

கோகிலா தரையைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான். அப்புறம் பேனாவை வாங்கி, 'அர்த்தநாரி' என்று எழுதினான்.

போகும்போது முன்சீட்டில் பேசிக்கொண்டே வந்தவள், கலைத்து முடிந்து மறுநாள் வீடு திரும்பும்போது பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். அதன்பின் தங்கை வீட்டுப் பக்கமே அவன் வரவில்லை.

தீபாவளி முடிந்து சின்னவளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமனைக் காணோம். அர்த்தநாரியே போய்க் கூப்பிட்டான்.

"என்ன மச்சான், பட்டுவேட்டி கட்டிக் கூட்டிட்டுப் போனாத்தான் வருவீங்களா?"

"என் மடிக்கு அந்தத் தகுதி போயிருச்சு மாப்பிள்ளை" என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதான் குமரேசன்.

அர்த்தநாரி வீட்டுக்கு வந்து, "என்னைக் கேக்காமச் செஞ்சிருக்கே. அதுவும் கூடப்பொறந்தவனையே புருசன்னு காட்டி!" என்று கத்தினான். காது குத்தாமலே விருந்தாளிகள் கலைந்தார்கள். மறுநாள் அவளை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனான்.

"பொய் சொல்லி என்னை ஏமாத்தினது உங்க மனைவி. என்னை வந்து கேக்கறீங்களே?" என்றார் டாக்டர்.

கோகிலாவின் உயிருக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டான் அண்ணன். தன்னைக் கேட்கவில்லை என்கிறான் கணவன். தான் ஏமாற்றப்பட்டதாகச் சொல்கிறார் டாக்டர். இந்த மூவரில் கோகிலாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார்?

விடை: அண்ணனின் பொய் அவனைத் தவிர யாரையும் சுடவில்லை. கணவனை அவள் கேட்டாள். அவன்தான் பதில் சொல்லாமல் நழுவினான். அந்தக் குற்றம் அவனுடையது, பெரிதுதான். ஆனால் அவன் நழுவியதால் மட்டும் அவள் வழி அடைபட்டிருக்காது. தேவையில்லை என்று தெரிந்தே, மறுபடி கண்ணாடி உடையுமோ என்று பயந்து, அவள் உயிரை இன்னொருவர் கையெழுத்தில் தொங்கவிட்டவர் டாக்டர். ஆகவே முதலில் கேட்க வேண்டியவர் அவர், அடுத்து கணவன். ஆனால் நடந்தது வேறு. மன்னிப்புக் கேட்டவள் கோகிலா, மூன்று பேரிடமும்.