சுவிட்ச நலம் விசாரிச்ச மேனேஜர்

தூத்துக்குடில ஒரு கப்பல் சரக்கு ஆபீஸு. அங்க மேனேஜர் ஞானதுரை நடந்தா நெஞ்சு முதல்ல வரும், ஆளு அப்புறமா வருவாரு. ஒருநாள் காலையில, ஆபீஸ் கம்ப்யூட்டர எல்லாம் ஒண்ணா இணைக்கிற நெட்வொர்க் சுவிட்சோட ப்ராசஸர் லோடு தாங்காம மூச்சு முட்டிப் போச்சு. ஒரு பில்லும் நகரல. வாசல்ல லாரிக்காரங்க ஆரன அமுக்கிக்கிட்டே நிக்காங்க.

காண்ட்ராக்ட்ல கேபிள் வேலை பாக்குற பேச்சித்தாயக் கூப்பிட்டாரு. "சுவிட்ச அணைக்கக் கூடாது, வயரத் தொடக் கூடாது. மத்தியானத்துக்குள்ள சரியாகலன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

சுவிட்ச் தன் கதைய எழுதி வைக்கிற லாக லேப்டாப்புல தொறந்து பாத்தா பேச்சி. மேனேஜர் ரூம் கம்ப்யூட்டர், "எப்படி இருக்க, எப்படி இருக்க"ன்னு சுவிட்ச விடாமக் கேட்டுக்கிட்டே கெடக்கு. எல்லாம் சுவிட்ச் எப்படி இருக்குன்னு அவரு ரூம் டிவில ஓடுற கிராஃபுக்காக. சொன்னா ஒத்துக்கிற ஆளா அவரு?

முதலாளி வந்து நின்னதும் மேனேஜர் அவசரமா லாரிக் கணக்கு போட உக்காந்தாரு. பேச்சி பக்கத்துல போனா.

"சார், நல்லாருக்கீங்களா?"

"ம்."

"சார், நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இப்ப நல்லாருக்கீங்களா சார்?"

"ஏ புள்ள, உனக்குப் பதில் சொல்லவா, வேலையப் பாக்கவா?"

"சுவிட்சும் அதத்தான் சார் கேக்குது"ன்னு லாகு தெரியுற லேப்டாப்ப முதலாளி பக்கம் திருப்புனா.

முதலாளி வாசிச்சுப் பாத்தாரு. "ஞானதுரை, அந்தக் கிராஃப நிறுத்தும். பேச்சி, நாளைக்கு வழக்கம்போல வந்துரு."

கிராஃபு நின்னுச்சு, பில்லு ஓட ஆரம்பிச்சுச்சு. மேனேஜருக்குத்தான் இருப்புக் கொள்ளல. "இப்ப சுவிட்ச் எப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அத மட்டும் கேட்டுராதீங்க சார்"ன்னா பேச்சி.