எண்ணெய்ச் சட்டி வைத்த வீடு

ஆற்றின் வடகரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக்கூரை, ஒரு கிணறு, நாலைந்து பூவரச மரம், அவ்வளவுதான்.

அங்கே ஒரு குரு, ஒரு சீடர். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். கோமதிநாயகம் என்று பெயர். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவர் குருவை "சாமி" என்பார். குரு அவரை "அண்ணாச்சி" என்பார். இதைக் கேட்டு ஊருக்கு ஒரே சிரிப்பு.

"ரெண்டு பேருல யாருவே குரு?" என்று ஆற்றில் குளிக்கிறவர்கள் கேட்பார்கள்.

"டிக்கெட் எடுத்தவன் நான். வண்டி ஓட்டுதது அவரு" என்பார் கோமதிநாயகம்.

தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது இசக்கிமுத்து மடத்துக்கு வந்தான். வாழைத்தோப்புகளில் தார் வெட்டிச் சுமக்கிறவன். சட்டைத் தோளெல்லாம் வாழைக்கறை. வாசலில் நின்றவன் உள்ளே வரவில்லை.

அவனுக்கு ஒரே மகள், மாரிச்செல்வி. பெற்ற கையோடு தாய் போய்விட்டாள். அவனே சோறு ஊட்டி, தலை பின்னிவிட்டு வளர்த்த பிள்ளை. ஒன்பது வயதில், இரண்டு மாதம் முன்பு ஆவணிக் காய்ச்சலில் அவளும் போய்விட்டாள்.

"உள்ள வா இசக்கி" என்றார் குரு.

"இருக்கட்டும் சாமி. ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன்."

"கேளு."

"தீவாளிக்கு நான் எண்ணெய்ச் சட்டி வைக்கலாமா?"

அந்தப் பக்கத்து வழக்கம் அது. சாவு விழுந்த வீட்டைத் துட்டி வீடு என்பார்கள். துட்டி வீட்டில் அந்த வருஷம் பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி ஏற்றக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது.

"எதுக்குப்பா?" என்றார் குரு.

இசக்கி பூவரச மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"காய்ச்சல்ல கெடந்தப்ப முந்திரிக்கொத்து கேட்டா சாமி. ஏட்டி, இப்ப எண்ணெய்ப் பண்டம் ஆகாது, தீவாளிக்குச் சுடுவோம்னேன். சத்தியம் பண்ணுன்னா. பண்ணுனேன்."

பேரில்தான் முந்திரி. பண்டத்தில் இருக்காது. வறுத்த பாசிப்பயற்று மாவில் தேங்காயும் எள்ளும் சேர்த்துக் கருப்பட்டிப் பாகில் கிளறி, சூட்டோடு சூடாகச் சின்ன உருண்டைகளாகப் பிடிப்பார்கள். மூன்று மூன்றாக அரிசிமாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் போட்டால், கொத்தாக ஒட்டிக்கொண்டு வெந்து வரும். ஆறிப்போனால் மாவு உதிர்ந்துவிடும். அதனால் உருட்ட ஒரு ஆள், சுட ஒரு ஆள் வேண்டும். அந்த வீட்டில் உருட்டுவது மகள், சுடுவது தகப்பன்.

குரு அவன் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம் இசக்கி. இந்த வருஷம் அடுப்பைச் சும்மா விடு."

"சத்தியம் பண்ணியிருக்கேனே சாமி."

"அடுத்த வருஷம் சுடு. உருட்ட நான் வாரேன்."

"அடுத்த வருஷம் நான் இருக்கணுமே" என்றான் இசக்கி. சாதாரணமாகத்தான் சொன்னான். மழை வருமா வராதா என்று சொல்வது போல. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

கோமதிநாயகத்துக்கு ஆறவில்லை.

"என்ன சாமி இது? வருசம் பூரா கட்டுப்பாட்டை எல்லாம் அவுத்துப் போடு, அவுத்துப் போடுன்னு சொல்லுதீங்க. பிள்ளையைப் பறிகுடுத்தவன் ஒரு சட்டி எண்ணெய் கேட்டா மட்டும் ஊர்ப் பெருசுங்க மாதிரி பேசுதீங்களே!"

"துட்டி வீட்டுத் தீவாளியைப் பார்த்திருக்கீங்களா அண்ணாச்சி?"

"பார்க்காம என்ன? தெருவே வெளிச்சமா இருக்கும். அது மட்டும் இருண்டு கெடக்கும்."

"உள்ள போயிருக்கீங்களா?"

"நான் எந்தத் தீவாளிக்கு வீட்டுல இருந்தேன்? அன்னைக்குத்தான் ஸ்பெஷல் பஸ் விடுவான்."

குரு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

மறுநாள் கோமதிநாயகம் கடைக்குப் போய்த் தேங்காய் எண்ணெயும் கருப்பட்டியும் பாசிப்பயறும் வாங்கினார். இசக்கி வீட்டில் கொண்டுபோய் வைத்தார்.

"சாமி சரின்னுட்டாங்களா?" என்று கேட்டான் இசக்கி.

"அவரு சொன்னாத்தானா? செத்த பிள்ளைக்குக் குடுத்த வாக்கைத் தடுக்க எவனுக்கு உரிமை இருக்கு? நான் சொல்லுதேன், சட்டியை வை."

"நீங்க சொல்லுதீங்களா கண்டக்டரண்ணே?"

"நான்தான்வே சொல்லுதேன்."

இசக்கி பைகளைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் கோமதிநாயகம் திரும்பி வந்தார்.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தத் தெரு வழியாக வந்தபோது, இசக்கி வீட்டிலிருந்தும் எண்ணெய் காயும் வாசம் வந்தது. கோமதிநாயகம் நின்று மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மடத்தில் வேலை கிடந்தது.

தீபாவளியன்று காலையிலிருந்தே மடத்துக்கு ஆள் வந்துகொண்டிருந்தது. அதிரசம், சுசியம், தேன்குழல் என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தூக்குச்சட்டி. கோமதிநாயகம் வாங்கி வாங்கி அடுக்கினார். இரண்டு சுசியம் தின்றார்.

மதியம் இலை போட்டு உட்கார்ந்ததும் குரு கேட்டார்.

"இசக்கி வீட்டுக்கு யாரு யாரு போயிருக்காங்க அண்ணாச்சி?"

"போகாட்டி என்ன சாமி? அவனே சுட்டிருக்கானே."

குருவின் கை நின்றது.

"சட்டி வச்சுட்டானா?"

"நான்தான் வைக்கச் சொன்னேன். தப்புன்னா என்னைத் திட்டுங்க."

குரு திட்டவில்லை. "ஊர் போயிருக்கும்னு நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேனே" என்று எழுந்தார். இலையில் சோறு அப்படியே இருந்தது. செருப்புக்கூடப் போடாமல் அவர் முன்னால் நடக்க, கோமதிநாயகம் பின்னால் ஓடினார்.

இசக்கி வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. ஆள் இல்லை. அடுப்பின் மேல் எண்ணெய் ஆறிக் கறுத்துக் கிடந்தது. தரையெல்லாம் உதிர்ந்த மாவு. சுடுகிறவனே உருண்டையும் பிடித்துப் பார்த்திருக்கிறான். முடியவில்லை.

அடுத்த வீட்டு முப்பிடாதி எட்டிப் பார்த்தாள். வாயில் வெற்றிலை.

"இசக்கியண்ணனையா தேடுதீங்க சாமி? விடியக்காலம் வாசல்ல உக்காந்திருந்தாரு. பொறவு காணல."

"நீ பலகாரம் குடுத்தியாம்மா?" என்றார் குரு.

"குடுக்கத்தான் எடுத்து வச்சேன். துட்டி வீட்டுக்குத் தெருவுல எல்லாரும்தானே கொண்டு போவோம்? எங்க மாமனார் செத்த வருசம் எங்க வீட்டுல கால் வைக்க இடமில்ல. ஒவ்வொருத்தியும் கொண்டுவந்து வச்சுட்டு, நீ தின்னாத்தான் எந்திரிப்பேன்னு உக்காந்துக்கிட்டா. அழுகதா, அவளுகளைத் தொரத்துததான்னு ஆயிருச்சு எங்க அத்தைக்கு."

"அப்ப இங்க ஏன் வரல?"

"நேத்து எண்ணெய் வாசம் வந்துச்சே சாமி." முப்பிடாதி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "வாசல் வரைக்கும் வந்து பார்த்தேன். அடுப்பு எரியுது. சரி, அண்ணன் மனசைத் தேத்திக்கிட்டாரு, துக்கத்தை முடிச்சுக்கிட்டாருன்னு திரும்பிட்டேன். தெருவுல அத்தனை பேரும் அப்படித்தான் நினைச்சோம். சட்டி வச்ச வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனா, நீ சுட்டது ஆகாதுன்னு சொன்ன மாதிரி ஆயிருமே."

குரு ஆற்றுப் பக்கம் திரும்ப, கோமதிநாயகமும் பின்னால் போனார்.

பிள்ளைகளைப் புதைக்கிற மேடு ஆற்றோரம் இருந்தது. இசக்கி அங்கேதான் இருந்தான். கையில் காய்ந்த வாழைமட்டை. மண்மேட்டின் மேல் வாழையிலை, அதில் முந்திரிக்கொத்து. பாதி உடைந்து தூளாகக் கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. கொஞ்சம் தள்ளி நாலு நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. ஊருக்குள் சரவெடி வெடிக்கும்போதெல்லாம் அவை பின்வாங்கும். ஓய்ந்ததும் கிட்டே வரும். இசக்கி மட்டையை ஓங்கிக்கொண்டு எழுவான்.

"நாயி விட மாட்டேங்கு சாமி" என்றான்.

"எப்ப வந்தே?"

"வெயில் ஏறுமுன்ன வந்துட்டேன். விடிஞ்சதும் வாசல்ல உக்காந்திருந்தேன், யாராவது வருவாங்கன்னு. ஒருத்தரும் வரல. நேத்தே முப்பிடாதி வாசல் வரைக்கும் வந்தா. அடுப்பைப் பார்த்தா, திரும்பிட்டா. அப்பவே எனக்கு வெளங்கியிருக்கணும். சொன்னதைக் கேக்காம சட்டி வச்சேன்லா, ஊர் ஒதுக்கிருச்சு. சரி, கேட்டவளுக்காவது குடுப்போம்னு கொண்டாந்தேன்."

"ஒதுக்கலடா" என்றார் கோமதிநாயகம். "நீ தேறிட்டேன்னு நினைச்சுட்டாங்க."

இசக்கி அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"தேறிட்டேனா? நானா?"



குரு மண்ணில் உட்கார்ந்தார். இலையிலிருந்து ஒரு கொத்தை எடுத்தார்.

"சாமி, அது பிள்ளைக்கு வச்சது. இங்க வச்சதைத் திங்கக் கூடாது."

"தெரியும்."

எறும்பைத் தட்டிவிட்டுத் தின்றார். இன்னொன்று எடுத்தார்.

"வீட்டுக்குப் போவோம் இசக்கி."

"நான் வரல. போனா நாயி தின்னுரும்."

"சரி, இங்கயே இருப்போம்."

குரு கையை நீட்டினார். இசக்கிக்கு முதலில் புரியவில்லை. பிறகு மட்டையைக் கொடுத்தான்.

"நீ உக்காரு. நான் விரட்டுதேன்."

காலையிலிருந்து நின்றிருந்தவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்தான். மண்மேட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்க ஆரம்பித்தது. நாய்கள் வந்தன. குரு எழுந்து மட்டையை ஓங்கினார். போயின. மறுபடி வந்தன.

வெகுநேரம் நின்றுகொண்டிருந்த கோமதிநாயகம் குருவின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நான் இரக்கப்பட்டுத்தானே சாமி சொன்னேன்? வழக்கத்தை மீறச் சொன்னது அவ்வளவு பெரிய தப்பா?"

குரு நாய்களின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வழக்கம் கெடக்கட்டும் அண்ணாச்சி. சுடச் சொன்னீங்களே, திங்க ஏன் போகல?"