மாறனேரிக்குப் போன உதவிப்படை

செம்பனூர் ராஜா வீரகோடிக்குப் போர் என்றால் உயிர். போர்க்களம்தான் பிடிக்காது. வெயில், புழுதி, குதிரை வாடை. அதனால் சிங்காதனத்தில் சாய்ந்துகொண்டு போனில் போர் செய்தார். ஒரு பக்கம் சாமரம், மறுபக்கம் சார்ஜர்.

அக்கம்பக்கத்து ராஜாக்கள் எல்லாரும் அதே விளையாட்டில்தான் இருந்தார்கள். ஆளுக்கொரு கோட்டை, வயல், களஞ்சியம், படை. படை நின்றாலும் தின்னும், நடந்தாலும் தின்னும். களஞ்சியம் காலியானால் பசியில் செத்துவிழும். செம்பனூரைவிட அந்தப் போன் ராஜ்யம் ஒழுங்காக நடந்தது. காரணம், அதை ராஜா தினமும் கவனித்தார்.

ஒரு நாள் காலை சபை கூடியபோது ராஜாவின் முகம் தொங்கிப்போயிருந்தது. மாறனேரி ராஜா இரணசிங்கர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று ராஜா அதைச் சத்தமாக வைத்தார்.

"ஓய் வீரகோடி! நாளை உச்சிப்பொழுதில் உம் கோட்டை எனக்கு. பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? தோற்றவர் ஜெயித்தவருக்குத் தேரோட்டத்தில் குடை பிடிக்க வேண்டும். நல்ல குடையாகப் பார்த்து வாங்கிவையும்!"

இரணசிங்கரின் படை செம்பனூர்ப் படையைப் போல நான்கு மடங்கு. சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. ராஜாவின் மைத்துனர் கொற்றவேல் மட்டும் திறந்தார். ஏப்பம் விட்டுவிட்டுப் பேசினார்.

"அத்தான், இதற்கேன் கவலை? நம் விகடகவி திருமலைக்கொழுந்து இருக்கிறாரே! மூளையை வைத்துக்கொண்டு சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்?"

திருமலைக்கொழுந்துவின் வீட்டின் மேல் கொற்றவேலுக்கு நெடுநாளாக ஒரு கண். நல்ல கிணறு, நாற்புறமும் காற்று.

ராஜா நிமிர்ந்தார். "கொழுந்து! நாளை உச்சிக்குள் மாறனேரிப் படை அழிய வேண்டும். ஆனால் என் வீரன் ஒருவனும் சாகக் கூடாது. ஒவ்வொருவனையும் இந்தக் கட்டைவிரலால் தட்டித் தட்டி வளர்த்திருக்கிறேன்."

"சண்டை போடாமலா, பிரபு?"

"அது உன் பாடு. முடியாவிட்டால் நீ ஊரைவிட்டுப் போ. உன் வீடு மச்சானுக்கு."

திருமலைக்கொழுந்து தலையைச் சொறிந்தார். "அப்படியானால் போனை நாளை உச்சிவரை என்னிடம் கொடுங்கள்."

ராஜா பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பது போலப் போனைக் கொடுத்தார். சார்ஜரையும் கொடுத்தார்.

திருமலைக்கொழுந்து சபையிலேயே உட்கார்ந்து திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். தாக்கு, உளவு பார், உதவிப்படை அனுப்பு என்று மூன்று பொத்தான்கள். மூன்றாவதை அழுத்தினார். செம்பனூர்ப் படை முழுவதும் கொடி பிடித்துக்கொண்டு, மாறனேரிக்கு உதவி செய்யப் புறப்பட்டது.

எட்டிப் பார்த்த கொற்றவேல் துள்ளிக் குதித்தார். "துரோகம்! அத்தான், இவன் நம் படையை எதிரிக்கே தூக்கிக் கொடுத்துவிட்டான்!"

ராஜா வாளைத் தேடினார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு நினைவில்லை. அதனால் கத்தினார். "என்ன காரியம் செய்தாய், பாவி!"

"நாளை உச்சிவரை எனக்குத் தவணை உண்டு, பிரபு."

அதற்குள் இரணசிங்கரின் அடுத்த செய்தி வந்தது. ஒரே சிரிப்பு. "பயந்து படையையே காணிக்கையாக அனுப்பிவிட்டீரா? வந்தவர்கள் இங்கேயே இருக்கட்டும். நாளை உம் ஆட்களை வைத்தே உம் கோட்டையைப் பிடிக்கிறேன்!" சொல்லிவிட்டு அவர் விருந்து சாப்பிடப் போனார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் சபை கூடியது. கொற்றவேலின் ஆட்கள் திருமலைக்கொழுந்துவின் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். உச்சிக்குச் சற்று முன்பு போன் அலறியது. இரணசிங்கர்தான். இப்போது குரலில் சிரிப்பு இல்லை.

"அடப்பாவிகளா! என் படை எங்கே? இப்போதுதான் எழுந்து பார்க்கிறேன். களஞ்சியத்தில் ஒரு மணி நெல் இல்லை. என் ஆள் ஒருவன்கூட மிச்சமில்லை!"

திருமலைக்கொழுந்து 'திரும்பி வா' என்ற பொத்தானைத் தட்டினார். செம்பனூர்ப் படை கொடியோடு வீடு திரும்பியது. தலைக்குத் தலை சரியாக இருந்தது. எல்லாரும் கொழுகொழுவென்று இருந்ததாக ராஜாவுக்குத் தோன்றியது.

"கொழுந்து, இது எப்படி நடந்தது?"

"விளையாட்டின் விதி, பிரபு. உதவிக்கு வந்த படைக்கு அந்த வீட்டுக்காரர்தான் சோறு போட வேண்டும். அதிலும் விருந்தாளிக்கு முதல் பந்தி. வீட்டு ஆட்களுக்குக் கடைசிப் பந்தி. மாறனேரியில் படை பெரியது, வயிறும் பெரியது. களஞ்சியம் ஏற்கெனவே இழுபறி. நம்மவர்கள் போய் உட்கார்ந்தார்கள். கடைசிப் பந்திக்கு ஒன்றும் மிஞ்சவில்லை."

"திருப்பி அனுப்பியிருக்கலாமே அவர்?"

"வந்து குவிகிற கூட்டத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர் யாரும் திருப்பி அனுப்புவதில்லை, பிரபு."

ராஜா தொடையில் தட்டினார். "பிரமாதம்! எந்தப் போர் நூலில் படித்தாய்?"

"நூலில் இல்லை, பிரபு. நம் அரண்மனைப் பந்தியில்தான். உங்கள் மைத்துனர் பரிவாரத்தோடு பொங்கலுக்கு வந்தார். இப்போது ஆடி பிறந்துவிட்டது. தினமும் முதல் பந்தியில் அவர்கள். கடைசிப் பந்தியில் தாங்கள். நேற்றும் தங்கள் இலையில் ரசம்தானே விழுந்தது?"

ராஜா கொற்றவேலின் தொந்தியைப் பார்த்தார். தன் இடுப்பில் தொளதொளத்த பட்டையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கிரீடம் கழன்று மடியில் விழும்வரை சிரித்தார்.

"கொழுந்து, என்ன பரிசு வேண்டும்?"

"எனக்கு என் வீடு போதும், பிரபு. ஆனால் இரணசிங்கர் பாவம், தனியாக இருக்கிறார். நிஜ மாறனேரிக்கும் ஓர் உதவிப்படை அனுப்பலாமே?"

கொற்றவேலின் ஏப்பம் பாதியில் நின்றது. "அத்தான்... அக்காவிடம் யார் சொல்வது?"

"நீ ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு நானே சொல்கிறேன், மச்சான். பெட்டியைக் கட்டு."

அன்று மதியம், ஆறு மாதத்துக்குப் பிறகு, ராஜாவின் இலையில் வடை விழுந்தது.