எறும்புத் தடத்துக்குக் காரம் வந்த கதை

எறும்புகளுக்கு வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், எல்லா எறும்புகளுக்கும் ஒரே புற்றுதான். அது யாருக்கும் சொந்தமில்லை. எந்த எறும்பும் வந்து தோண்டலாம். பிடிக்காத வளையை அடைத்துவிட்டு வேறொன்று திறக்கலாம். தோண்டுகிறவர்களுக்குத் தலைவன் முண்டன் என்ற கட்டெறும்பு. பூமிக்குள் இப்படி ஒரு புற்று வேறெங்கே இருக்கிறது என்று அவனுக்கு ஒரே பெருமை.

உள்ளே நடமாடுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். இரை சுமக்கிற செம்பி எத்தனையோ முறை வழி தவறி, வாயில் தானியத்தோடு சுற்றிச் சுற்றிக் களைத்திருக்கிறாள். கேட்டால், தோண்டிக் கொடுத்தது போதாதா, கூடவே வந்து வழியும் காட்ட வேண்டுமா என்பான் முண்டன்.

கடைசியில் செம்பியே, தன் தோழி நல்லியைச் சேர்த்துக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் சுவரைக் கடித்துக் கீறி அடையாளம் வைத்தாள். நேர்க்கீறல் என்றால் தானிய அறை, சாய்ந்த கீறல் என்றால் வாசல், குறுக்குக் கீறல் என்றால் மழைக்கு ஒதுங்கும் மேட்டு அறை. நேற்று வந்த எறும்புகூடத் தடுமாறாமல் நடந்தது. முண்டனும் வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பீற்றிக்கொண்டான்.

ஆனால் தோண்டுவது நிற்கவில்லை. வளைகள் மாறின, கீறல்கள் மாறவில்லை. மாற்றும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் திருத்திக்கொள்கிறேன் என்று செம்பி கெஞ்சினாள். ஆகட்டும் என்பார்கள், அடுத்த வளைக்குப் போய்விடுவார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் அடைமழை. புற்றுக்குள் வெள்ளம் புகுந்தது. நல்லி ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு, குறுக்குக் கீறலைப் பார்த்து ஓடினாள். அந்த வளையை முண்டன் முந்தின நாள்தான் அடைத்திருந்தான். தண்ணீர் வடிந்தபோது, அடைத்த மண்ணில் தலையை முட்டியபடி அவள் செத்துக் கிடந்தாள். குஞ்சு வாயிலேயே இருந்தது.

முண்டன் வந்து பார்த்தான். "பாவம், கீறலை நம்பிப் போயிருக்கிறாள். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்றான்.

செம்பிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வளை வளையாகப் போய், தான் கீறியது அத்தனையையும் கடித்துத் துப்பினாள். நாளைக்கு எப்படிப் போவது என்று மற்றவர்கள் மறித்தபோது, வயிற்றைத் தரையில் அழுத்தித் தேய்த்தாள். உள்ளே எரிந்ததெல்லாம் நீராக இறங்கி மண்ணில் கோடாகப் படிந்தது. மூக்கைத் துளைக்கும் நெடி.

"இது காய்ந்துபோகும், அண்ணே. போய் உயிரோடு திரும்பியவள் மறுபடி தேய்த்தால்தான் இருக்கும். தோண்டுகிற நீங்களும் தேய்க்கணும். தேய்க்காத வளையில் இனி நாங்கள் கால் வைக்க மாட்டோம்" என்றாள் முண்டனிடம்.

முண்டன் சிரித்தான். முன்னைவிட அகலமாக ஒரு வளை தோண்டினான். ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. நடமாட்டம் இல்லாமல் அது தூர்ந்தது. அடுத்ததும் தூர்ந்தது. பிறகு ஒருநாள், யார் முகத்தையும் பாராமல், அவனும் வயிற்றைத் தரையில் வைத்தான். செம்பி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவள் மனம் ஆறவில்லை.

அன்று தொடங்கியதுதான், எறும்பு போகிற வழியெல்லாம் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போவதும், நடப்பார் இல்லாத தடம் தானாக மறைவதும். எறும்பு நசுங்கினால் மூக்கில் சுள்ளென்று ஏறுகிறதே ஒரு காரம், அது செம்பியின் கோபம்.