நாற்றத்தைக் கட்டி இழுத்தவன்

முன்பொரு காலத்தில், மூக்குக்கு மேல் கோபம் வரும் அரசன் ஒருவன் இருந்தான். அவனுடைய சபையில் மூன்று நாளாகப் பன்றி நாற்றம் குடலைப் புரட்டியது. கோட்டைக்கு மேற்கே உள்ள மேட்டில் பேச்சி என்பவளும் அவள் உறவினர்களும் பன்றிப் பட்டி வைத்திருந்தார்கள்.

"பட்டியை எரித்து அவர்களைத் துரத்துவதே வழி, பிரபு," என்றார் அமைச்சர் உக்கிரசேனர். அந்த மேட்டில் மாளிகை கட்ட அவருக்கு நெடுநாள் ஆசை.

சபை விகடன் நல்லகுட்டி எழுந்தான். "விசாரிக்காமல் தண்டிக்கலாமா, அரசே?"

அரசன் எரிந்து விழுந்தான். "நாளைக்குள் அந்த நாற்றத்தைக் கயிற்றால் கட்டி என் முன் நிறுத்து. முடியாவிட்டால் அவர்களோடு நீயும் நாட்டை விட்டுப் போ."

உக்கிரசேனர் மீசைக்குள் சிரித்தார். மூன்று நாளாக மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்பதை நல்லகுட்டி அப்போதுதான் கவனித்தான். மனம் உறுத்தியது.

நேராகப் பட்டிக்குப் போனான். தரையெங்கும் காய்ந்த வைக்கோல். கழிவைக் குழியில் தள்ளி மண்ணும் சருகும் போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் போனால்தான் வாடை தெரிந்தது.

"பத்து நாளா கீழக்காத்துதான் சாமி," என்றாள் பேச்சி. "உங்க அரமனைத் தாளிப்பு வாசனை எங்களுக்கு வருது. எங்க வாடை எப்படி எதுத்துக்கிட்டு அங்க வரும்?"

"இங்கே யாராவது வந்தார்களா?"

"அமைச்சர் வீட்டு ஆளு வந்தான். பூச்செடிக்குன்னு கழிவும் புளிச்ச கழனித்தண்ணியும் ஒரு பானை கேட்டான். குடுத்தேன்."

அமைச்சர் வீட்டு முற்றம் முழுக்கக் கல் பாவியது. அங்கே ஒரு செடியும் கிடையாது என்பது நல்லகுட்டிக்குத் தெரியும்.

மறுநாள் பசித்த பெண்பன்றி ஒன்றைக் கயிற்றில் பிடித்தபடி நல்லகுட்டி சபைக்குள் நுழைந்தான்.

"நாற்றத்தைக் கேட்டால் பன்றியைக் கொண்டுவந்தாயா?" என்று அரசன் சீறினான்.

"இது சாட்சி மட்டுமே, அரசே."

கயிற்றை அவிழ்த்துவிட்டான். மோந்துகொண்டே போன பன்றி, உக்கிரசேனரின் ஆசனத்துக்கு அடியில் பட்டுத் திரையை விலக்கி ஒரு பானையை உருட்டியது. அரைகுறையாக மூடியிருந்த மூடி தெறித்தது. சபையே மூக்கைப் பொத்தியது. நல்லகுட்டி பானையின் கழுத்தில் கயிற்றைக் கட்டி அரசன்முன் இழுத்து வந்தான்.

"நாற்றத்தைக் கட்டிவிட்டேன், பிரபு. வைத்தவரையும் கட்டவா?"

அமைச்சரின் பின்னால் நின்ற வேலைக்காரன் முன்னே வந்து கைகூப்பினான். "ஐயா வைக்கச் சொன்னாரு, நான் வச்சேன்."

அரசன் மூக்கைப் பிடித்தபடியே விழுந்து விழுந்து சிரித்தான். தன் முத்துமாலையை நல்லகுட்டிக்கு அணிவித்தான். மேட்டு நிலத்தைப் பேச்சியின் உறவினர்களுக்கே சாசனமாக்கினான். உக்கிரசேனர் ஒரு மாதம் பட்டியில் கழிவு அள்ள வேண்டியதாயிற்று.

அள்ளியதை அவர் எங்கே கொட்டுகிறார் என்று பேச்சி ஒரு கணமும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.