சந்தனம் பூசிய திருகு

உட்காருங்கள். அந்த மண்வெட்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு உட்காருங்கள். ஈரத்தோடு சாய்க்காதீர்கள், ஐயா! ஒரு துணியால் துடைத்துவிட்டுச் சாய்த்து வையுங்கள். ஏன் இப்படிச் சத்தம் போடுகிறேன் என்று பார்க்கிறீர்களா? அதற்குத்தானே இந்தக் கதை.

முன்னொரு காலத்தில், கடல் காற்று வந்து மோதுகிற ஒரு நாட்டில் ஒரு ராசா இருந்தார். நல்ல ராசாதான். யாரையும் அடிக்க மாட்டார், யார் சோற்றிலும் கை வைக்க மாட்டார். ஒரே ஒரு குறை, கண்ணுக்கு அழகாக இருந்தால் அது நல்லது என்று நம்பிவிடுவார். ராசாவை ஏன் சொல்ல வேண்டும், நாம் மட்டும் என்ன ஒழுங்கா?

அந்த நாட்டில் நெடுங்கரைக் குளம் என்று ஒரு பெரிய குளம். அதன் கரையில் இரண்டு மதகுகள். தென்மதகு அரண்மனைத் தாமரைத் தடாகத்துக்குத் தண்ணீர் விடுவது. தடாகத்தில் எப்போதும் தண்ணீர் இருந்தது, அதனால் அந்த மதகை யாரும் திறந்ததே இல்லை. வடமதகு வேறு மாதிரி. அடைமழையில் குளம் நிரம்பினால், மிச்சத் தண்ணீரை ஆற்றில் இறக்கிவிடுவது அதுதான். அதைத் திறக்காவிட்டால் கரை உடையும். கரை உடைந்தால் கீழே பள்ளத்தில் இருக்கிற தாழையடி என்ற சிற்றூர் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

மதகுப் பலகையைத் தூக்க ஒவ்வொரு மதகிலும் ஓர் இரும்புத் திருகு இருந்தது. ஆள் உயரம், தொடைப் பருமன். உச்சியில் கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் திருகு மேலே ஏறும், அதோடு பலகையும் ஏறும்.

வடமதகைக் காத்தவன் பெயர் பூதத்தான். அவன் மனைவி பேச்சியம்மாள். அவர்களுக்கு ஒரே மகள், இசக்கி. அவளைத் தாழையடியில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மடியில் ஒரு கைக்குழந்தை. புருஷன் உப்பு ஏற்றிக்கொண்டு வண்டியோடு ஊர் ஊராகப் போகிறவன்.

கடல் காற்று இருக்கிறதே, அது இரும்புக்கு எமன். வைத்த இடத்தில் வைத்தபடி தின்னும். பூதத்தானுக்கு அது தெரியும். துரு கண்ணில் பட்டால் புளியைக் கரைத்துப் பூசுவான், செங்கல் பொடியைத் தேங்காய் நாரில் தொட்டுத் தேய்ப்பான், இரும்பு வெளுக்கும் வரை விட மாட்டான். அப்புறம் புளிப்பு போகக் கழுவுவான். புளியை அப்படியே விட்டால் துருவைத் தின்ற வாய் இரும்பையும் தின்னுமே! கழுவின ஈரம் நிற்கக் கூடாது என்று தணல் சட்டியைப் பக்கத்தில் வைத்து உலர்த்துவான். கடைசியில் விளக்கெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி, திருகைச் சுற்றி ஓடுகிற வரிகளான மரைகளில் ஒவ்வொரு பள்ளத்திலும் விரலை விட்டுப் பூசுவான்.

இத்தனையும் செய்தால் திருகு எப்படி இருக்கும்? கறுப்பாக, பிசுபிசு என்று, தூசி அப்பிக்கொண்டு, பார்க்கச் சகிக்காது. ஆனால் சுண்டு விரலால் தள்ளினால் சுற்றும்.

பூதத்தானின் கையும் அப்படித்தான். எத்தனை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. எண்ணெய் வாடை போகாது. இசக்கி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினாள்.

அந்த நாட்டில் ஆயுத பூசை வெகு விமரிசை. ஏர் முனை முதல் யானை அங்குசம் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், மஞ்சள், குங்குமம். அடுத்த நாள் மறுபூசை. அது முடிந்ததும் பூசினதையெல்லாம் கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, கருவியைக் கையில் எடுப்பார்கள். அதுதான் வழக்கம்.

ஒரு வருடம் ராசா மதகுகளைப் பார்க்க வந்தார். தென்மதகுக்குப் போனார். அதைக் காத்தவன் தீத்தாரப்பன் விவரமான ஆள். திருகுக்கு அடி முதல் நுனி வரை சந்தனக் காப்பு, நடுவில் குங்குமம், மேலே சாமந்தி மாலை. ராசா மலைத்துப் போனார். "அடடா! இரும்புக்கு இப்படி ஒரு கோலமா!" என்று தன் தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்துத் தீத்தாரப்பன் தோளில் போட்டார்.

பிறகு வடமதகுக்கு வந்தார். கறுத்த திருகில் ஒரு பொட்டுச் சந்தனம், ஒரு பொட்டுக் குங்குமம். அவ்வளவுதான். ராசா தெரியாத்தனமாகக் கையை வைத்தார், உள்ளங்கை முழுக்க எண்ணெய்க் கறுப்பு.

"என்ன பூதத்தானே இது? வேலை செய்கிற இடமா, செக்கடியா? தென்மதகைப் போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார்.

கூட்டம் சிரித்தது. கூடவே வந்திருந்த தீத்தாரப்பனும் சிரித்தான். பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பூதத்தானுக்கு அவள் குனிந்த தலையைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த அவமானத்தை அவன் ஒரு வருடம் உள்ளேயே வைத்திருந்தான். அடுத்த ஆயுத பூசை வந்தது. ஒரு பொட்டு எண்ணெய் மிஞ்சாமல் திருகைத் துடைத்தான். புளி போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினான். அரைத்த சந்தனத்தை அள்ளி அள்ளி அப்பினான். மரைகளின் பள்ளத்தில் குங்குமத்தால் கோடு இழுத்தான். தென்மதகெல்லாம் கிட்ட நிற்க முடியாது, அப்படி ஓர் அலங்காரம்.

இசக்கி குழந்தையோடு பூசைக்கு வந்திருந்தாள். அப்பன் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"என்னப்பா இது, உங்க கையில சந்தன வாசம் அடிக்கு! எண்ணெய் வாசம் எங்க போச்சு?"

"ஏளா, ராசா வர்ற நாளு. இன்னைக்குமா நாறணும்?"

"எனக்கு அந்த வாசம்தான் பிடிக்கும். மழை பெய்ஞ்சா எங்க ஊர்ல ஆளுக்கு ஆள் பயப்படுவாங்க. நான் மட்டும் காலை நீட்டித் தூங்குவேன். எங்கப்பா மதகுல இருக்காரு, உங்களுக்கெல்லாம் என்ன பயம்னு கேட்பேன்."

பூதத்தான் சிரித்தான். பெருமையாகத்தான் சிரித்தான், பாவம்.

ராசா வந்தார். பார்த்தார். வாய் பிளந்தார். பட்டு இந்த முறை பூதத்தான் தோளில் விழுந்தது. அதோடு ராசா ஒரு வார்த்தையும் சொன்னார்: "தீபாவளிக்கு என் மாமனார் வருகிறார். அவரை அழைத்து வந்து காட்டுகிறேன். அதுவரை இப்படியே இருக்கட்டும்."

எல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான் கெட்டது.

மறுபூசை முடிந்தது. ஊர் முழுக்கச் சந்தனத்தைக் கழுவி எண்ணெய் போட்டார்கள். பேச்சியம்மாள் எண்ணெய்ச் சட்டியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, எண்ணெய் போட்டாச்சா?"

"ராசா இப்படியே இருக்கட்டும்னு சொல்லியிருக்காரு. வந்துட்டுப் போகட்டும், போடுதேன்."

சில நாள் கழிந்தது. கடலிலிருந்து ஈரக் காற்று வந்தது, லேசாக ஒரு தூறல் போட்டது. சந்தனத்தின் அடியிலிருந்து சிவப்பாக ஒரு கோடு திருகில் வழிந்தது. பேச்சியம்மாள் மறுபடியும் வந்தாள்.

"ஏங்க, எண்ணெய் போட்டாச்சா? அங்க பாருங்க, சிவப்பா வழியுது."

"குங்குமம்ளா. நனைஞ்சு கரையுது."

குங்குமம் இல்லை, ஐயா. துரு! கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தாலே துருவைச் சொல்லிவிடுவானே அவன்! ஆனால் தோளில் பட்டு விழுந்த பிறகு அந்தக் கண் வேறு கண் ஆகிவிட்டது. சிவப்புக் கோட்டின் மேல் கொஞ்சம் சந்தனத்தை அப்பி மறைத்துவிட்டுப் போனான்.

இன்னும் சில நாள் கழிந்தது. தெற்கே இடி உருண்டது. பேச்சியம்மாள் மூன்றாவது முறையும் வந்தாள். இந்த முறை அவள் கேட்கவில்லை, கெஞ்சினாள்.

"ஏங்க, புள்ளை பள்ளத்துல இருக்கா. எண்ணெய் போடுங்க."

"நாளைக்கழிச்சு தீபாவளி. இத்தனை நாள் இருந்தது இன்னும் ரெண்டு நாள் இருக்காதா? அலங்காரத்தைக் கலைச்ச பெறவு ராசா வந்து நின்னா, போன வருசம் மாதிரி நீ தலையைக் குனிஞ்சிட்டு நிக்கணுமா?"

"நான் குனிஞ்சா குனிஞ்சிட்டுப் போறேன்" என்றாள் அவள். அவன் காதில் ஏறவில்லை.

ராசாவின் மாமனார் வரவில்லை. மழைதான் வந்தது.

அப்படி இப்படி மழை இல்லை. வானமே ஓட்டையாகிப் போன மழை. விடிந்த பிறகும் வெளிச்சம் வரவில்லை. குளம் கரையின் விளிம்புக்கு ஏறிவிட்டது. பூதத்தான் ஓடினான். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினான். அது அசையவில்லை.

சந்தனத்தைச் சுரண்டினான். அதோடு சேர்ந்து இரும்பும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மரையும் அது ஓடுகிற வளையமும் துரு கட்டி ஒன்றாகிக் கிடந்தன. சட்டி எண்ணெயை அப்படியே கவிழ்த்தான். மழை அதை வழித்துக்கொண்டு போயிற்று. எண்ணெய் உள்ளே இறங்குவதற்கும் நேரம் வேண்டுமே! நேரம் இருந்தபோது அவன் எண்ணெய் போடவில்லை, எண்ணெயை எடுத்தபோது நேரம் இல்லை.

ஒற்றை ஆளாகச் சுற்றிப் பார்த்தான், அசையவில்லை. நாலு ஆண்களைக் கூட்டி, கடப்பாரையை நெம்புகோலாகக் கொடுத்துச் சுற்றினான், அசையவில்லை. சம்மட்டியை எடுத்து ஓங்கிக் கைப்பிடியில் அடித்தான். கைப்பிடி முறிந்து தண்ணீரில் விழுந்தது.

"பறையை அடிங்க! பள்ளத்துல இருக்கிறவங்களை ஏறச் சொல்லுங்க!" என்று கத்தினான்.

பறை முழங்கியது. தாழையடி சனங்கள் வீட்டை விட்டு, ஆடு மாட்டை அவிழ்த்துக்கொண்டு, தேரி என்கிற செம்மணல் மேட்டில் ஏறினார்கள். பூதத்தான் கரையில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இசக்கியைக் காணவில்லை. கீழே ஓடப் பார்த்தான். அவன் இறங்குவதற்குள் அவன் காலுக்கு அந்தப் பக்கம் கரை இடிந்தது.

அவ்வளவுதான். தாழையடி அங்கே இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தேரியிலிருந்து இறங்கி வந்தாள். அவள் இடுப்பில் இசக்கியின் குழந்தை இருந்தது. பூதத்தான் முன்னால் வந்து நின்று அழுதாள்.

"கூப்பிட்டேன் அண்ணாச்சி. வாடி வாடின்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். அவ மாமியா படுத்த படுக்கையா கிடக்கா, அத்தையை விட்டுட்டு எப்படி வர்றதுன்னா. பறை அடிக்குதே கேக்கலையான்னேன். சிரிக்கிறா அண்ணாச்சி! எங்கப்பா கைக்கு அந்தத் திருகு சொன்னபடி கேக்கும், இந்நேரம் திறந்திருப்பாரு, நீங்க ஏன் வீணா நனையுறீங்கன்னா. புள்ளையையாவது குடுன்னு நான்தான் பிடுங்கிட்டு வந்தேன்."

பூதத்தான் குழந்தையை வாங்கக் கை நீட்டினான். நீட்டின கையைப் பார்த்தான். நகக்கண்ணில் சந்தனம் இருந்தது. கையை இழுத்துக்கொண்டான். பேச்சியம்மாள்தான் குழந்தையை வாங்கினாள். அவள் அன்று அவனைத் திட்டவில்லை. அதற்குப் பிறகும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ராசா வந்தார். பல்லக்கு இல்லாமல் சேற்றில் நடந்தே வந்தார். "என் வாயால் அல்லவா இது வந்தது!" என்று சொல்லி அழுதார். துக்கத்துக்குப் போர்த்துவதற்கு என்று புதுப் பட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

பூதத்தான் அதைத் தொடவில்லை.

"ராசா, உங்க வாய் சொல்லிச்சு. என் கைதான செஞ்சது" என்றான். "இந்தப் பட்டு எண்ணெய் துடைக்க உதவாது. பழந்துணி இருந்தா குடுங்க."

கரையை அடைத்தார்கள். புதுத் திருகு அடித்து மாட்டினார்கள். பூதத்தான் சாகும் வரை அதில் எண்ணெய் காயவில்லை, ஒரு நாள் கூடக் காயவில்லை. கறுப்பேறின அந்தக் கையைப் பேரப்பிள்ளை பிடித்துக்கொண்டு நடை பழகியது. ஊர் அதைப் பார்த்து அவனைப் பாராட்டியது. பாராட்டின் சத்தம் கேட்டாலே அவன் எழுந்து போய்விடுவான்.

இதுதான் கதை. என்ன, எல்லாரும் மண்வெட்டியைத் திரும்பிப் பார்க்கிறீர்கள்? போங்கள், போய்த் துடையுங்கள். துடைத்துக்கொண்டே இதையும் மனதில் வையுங்கள்:

உன் கையை நம்பி ஓர் உயிர் இருக்கும்போது, பார்க்கிறவர் மெச்ச வேண்டும் என்று காக்கிற வேலையைத் தள்ளிப்போடாதே.